நம்பர் கேட்டால் கண்ணாடியைத் தூக்கு

போலீஸ் பயிற்சிப் பள்ளி ஏட்டம்மாவின் வகுப்பில் முதல் நாள் யாரும் லத்தியைத் தொட முடியாது. ஹெல்மெட்டை மட்டும் கொடுப்பாள். முகத்தை மூடும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, புதிதாகச் சேர்ந்த நாற்பது பேரையும் வெயிலில் அரை மணி நேரம் சும்மா நிற்க வைப்பாள். வேர்த்து வழியும். மூச்சுக் காற்று கண்ணாடியில் படிந்து எதிரே நிற்கிறவன் மங்கலாகத் தெரிவான். கொஞ்ச நேரத்தில் வரிசையில் எங்கிருந்தாவது ஒரு கெட்ட வார்த்தை வந்து விழும். யார் வாய் என்று கண்டுபிடிக்க முடியாது. ஏட்டம்மா அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பாள்.

"வெறும் மூஞ்சியோட நின்னிருந்தா இந்த வார்த்தை உன் வாயில வந்திருக்குமா? கண்ணாடி இறங்கினா மனுஷனும் கூடவே இறங்கிடறான். அதனால நல்லா கேட்டுக்கங்க. வெளியில எவனோ எவளோ, யாரா இருந்தாலும் சரி, உன் நம்பர் என்னன்னு கேட்டா லத்தியை விட்டுடு. அது மணிக்கட்டு வார்ல தொங்கட்டும். கட்டைவிரலால கண்ணாடியைத் தூக்கு. கேட்டவங்க கண்ணைப் பாத்து நம்பரைச் சொல்லு. அப்புறம் இறக்கிக்க."

நெஞ்சில் தைத்திருக்கும் நம்பரைக் கேடயம் மறைத்துவிடும். முகத்தைக் கண்ணாடி மறைத்துவிடும். ஆக, வரிசையில் நிற்கிறவன் யாரோ ஒருவன், எவனோ ஒருவன். அந்த எவனோ ஒருவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அதைத்தான் ஏட்டம்மா ஒழிக்க நினைத்தாள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். துறை அச்சடித்துக் கொடுத்த கையேட்டில் இதற்கு நேர்மாறாகவே ஒரு வரி இருந்தது: கட்டளையின்றி முகக் கண்ணாடியை உயர்த்தக் கூடாது. அதை எழுதிய மகராசன் எந்தத் தெருவில் நின்று எழுதினானோ என்பாள்.

அவளுக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளும் அப்படி ஒரு வரிசையில் நின்றவள்தான். சந்தைத் தெருவில் கலவரம் என்று சொல்லிப் பத்தொன்பது பேரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கலவரம் எல்லாம் ஒன்றுமில்லை. பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போக விடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவளுக்கு இடப்புறம் நின்றவன் லத்தியை ஓங்கி அவருடைய முழங்கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு நடந்த விசாரணையில் பத்தொன்பது பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பார்க்கவில்லை. அவளும் அதையேதான் சொன்னாள். அந்தக் கடைக்காரர் இரண்டு மாதம் தினமும் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நின்றார். "முகமும் தெரியலம்மா, நம்பரும் தெரியல. நான் யார் பேர்ல எழுதிக் குடுக்கிறது?" என்று அவளிடமே கேட்டார். அவரைத் தாண்டி உள்ளே போய் வேலையைப் பார்த்தவள் அவள்.

அதனால், பயிற்சிப் பள்ளிக்கு மாற்றலாகி வந்ததும் ஏட்டம்மா இந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தால் உடும்புப்பிடிதான். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நிற்கிறவனிடம் கேட்பாள்: நம்பர்? குழாயடியில் பல் தேய்க்கிறவளிடம் பின்னாலிருந்து கேட்பாள்: நம்பர்? ஹெல்மெட் தலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை மேலே போக வேண்டும், கண்ணைப் பார்த்துப் பதில் வர வேண்டும். தாமதித்தவர்களுக்கு மைதானத்தை மூன்று சுற்று. "யோசிச்சுத் தூக்கினா அது பாடம். யோசிக்காம தூக்கினாத்தான் அது பழக்கம்," என்பாள். விடுமுறைக்குப் போன ஒருவன், ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கேட்ட நர்ஸுக்கு இல்லாத கண்ணாடியைத் தூக்கிக் காட்டினானாம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பள்ளியே சிரித்தது. ஏட்டம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான்.

பார்வையிட வந்த பெரிய மனிதர்களுக்கும் அது பிடித்திருந்தது. பள்ளித் தலைவர் அவர்களை வரிசைக்கு முன்னால் கூட்டிவந்து, நீங்களே கேளுங்கள் என்பார். அவர்கள் கேட்பார்கள். கண்ணாடி தூக்கப்படும், சுத்தமான முகம் ஒன்று நம்பரைச் சொல்லும். புகைப்படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கையேட்டில் இருக்கும் வரியைப் பற்றி அப்போது ஒருத்தரும் பேசவில்லை.

போன பேட்சில் இருபத்தேழாம் நம்பர் ஒரு பையன். ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. எந்த ஹெல்மெட்டும் அவன் தலைக்குப் பொருந்தாது. "மேல காத்து எப்படிடா இருக்கு?" என்று கேட்டால், "கொஞ்சம் குளிருதுடா," என்பான். அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. மூன்றாவது முறை எழுதித்தான் தேர்வானான். பழகிக்கொள்வதில் மந்தம். ஏட்டம்மாவின் மூன்று சுற்றை அவனளவுக்கு ஓடியவர் யாருமில்லை. அதனாலேயே, கடைசியில் அவனளவுக்கு வேகமாகக் கண்ணாடியைத் தூக்கியவரும் யாருமில்லை. பயிற்சி முடிந்து போகும் நாளில் அவள் வீட்டுக்கு வந்தான். அவள் வீட்டுக்காரர் தையல்காரர். பள்ளிக்கு வருகிற எல்லாருக்கும் நெஞ்சில் தைக்கும் நம்பர்ப் பட்டை அவர் மிஷினில் ஓடியதுதான். முதல் வருஷம் முழுக்கப் பள்ளி நம்பரோடுதான் வேலை பார்க்க வேண்டும் என்பதால், ஒட்டடைக்கம்பு இன்னும் இரண்டு பட்டை தைத்து வாங்கிக்கொண்டு போனான்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. நூல் ஆலை ஒன்றைச் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிவிட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் ஆக ஆகக் கூட்டம் பெருத்தது. முன்வரிசையில் நிற்கப் புதுப் பிள்ளைகளை அனுப்பினார்கள். எப்போதும் அப்படித்தான், அனுபவம் உள்ளவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளியின் டீக்கடையில் அந்தக் காட்சியை ஒரு பயிற்றுநர் போனில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்கய்யா இந்தக் கூத்தை. எவனாவது கல்லு பறக்கிற இடத்துல கண்ணாடியைத் தூக்குவானா? கூறுகெட்ட பய."

"யாரு அது?"

"நம்ம ஒட்டடைக்கம்புதான். வலது கண்ணு போச்சாம். அப்படியே எடுத்துட்டாங்களாம்."

ஏட்டம்மா டம்ளரை வைத்துவிட்டுப் போனை வாங்கினாள். படம் ஆடியது. ஒரே இரைச்சல், யார் என்ன பேசுகிறார்கள் என்று மற்றவர்களுக்குக் கேட்காது. ஏட்டம்மாவுக்கு வாயசைவே போதுமாயிருந்தது. வரிசை தெரிந்தது. அதில் எல்லாரையும்விட ஒரு தலை உயரமாகத் தெரிந்தது. ஒரு அம்மாள், ஏட்டம்மாவின் வயதுதான் இருக்கும், வரிசைக்கு நேரே வந்து விரலை நீட்டினாள். "இடிச்சுத் தள்றியே, உன் நம்பர் என்ன? சொல்லுடா, உன் நம்பர் என்ன?" லத்தி தொங்கியது. கட்டைவிரல் மேலே போனது. கண்ணாடி எழும்பியது. "இருபத்தேழு, அம்மா." அந்த அம்மாள் ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். நீட்டிய விரல் கீழே இறங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்கு எங்கோ பின்னாலிருந்து கல் வந்தது.

ஏட்டம்மா மூன்று தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை கல் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீக்குக் காசு வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். தையல்காரர் மிஷினில் குனிந்திருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் காலை மிதிபலகையிலிருந்து எடுத்தார்.

"நான் தைச்ச பட்டைதான் போட்டிருந்தானா?"

"ஆமா."

"யார் கேட்டாலும் தூக்குன்னு நீதானே சொல்லிக் குடுத்தே?"

"நான்தான்."

"அதனாலதான் தூக்கினான்னு மத்தவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"இல்ல. கூறு கெட்டவன்னு பேசிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. ஒரு வருஷம் முடியாதவன், தன் தப்பால அடிபட்டான்னு எழுதிட்டாங்கன்னா வேலை இல்ல. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு அந்தப் பையன் எங்க போவான்?"

தையல்காரர் கத்தரிக்கோலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். பிறகு அந்தப் பக்கம் வைத்தார். "இப்ப என்ன செய்ய முடியும். கண் கெட்ட பிறகு…" என்று ஆரம்பித்தவர், வாயில் வந்த பழமொழியை அப்படியே விழுங்கினார். ஏட்டம்மா அவரைப் பார்த்தாள். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்துக் கட்டில் போட்ட வார்டில் எட்டாவது கட்டில். கால் கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. பாதி முகத்தில் கட்டு. அவன் அம்மா தரையில் உட்கார்ந்து ஒரு துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஏட்டம்மாவின் காக்கியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதானா அந்த ஏட்டம்மா? வாய்க்கு வாய் உங்க பேச்சுதான் பேசுவான். ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கல்லு வர்ற இடத்துல அந்தக் கண்ணாடியைத் தூக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் குடுக்கலியா?"

ஏட்டம்மா அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டேஷன் வாசலில் நின்ற கடைக்காரரும் இப்படித்தான் அவளிடம் கேட்டார்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்க," என்றான் பையன் கட்டிலிலிருந்து. "நான்தான் மறந்துட்டேன். நீ போய்த் தண்ணி பிடிச்சிட்டு வா."

தாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "ஐயா ஒருத்தர் வந்தாரும்மா, காலையில. எழுதி வாங்கிட்டுப் போயிட்டாரு. வேர்வையில கண்ணாடி மங்கிடுச்சு, தொடைக்கத் தூக்கினேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏண்டா பொய் எழுதினே?"

"நீங்க சொல்லித்தான் தூக்கினேன்னா உங்களை விடுவாங்களா? கையேட்டுல அப்படி இல்லியேம்மா. நானும் படிச்சேன்ல."

"அப்படி எழுதினா உனக்கு வேலை போயிடும்டா."

"கண்ணே போயிடுச்சு," என்றான். பிறகு, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "அந்தம்மா என் மூஞ்சியைப் பாத்ததும் திட்டறதை நிறுத்திட்டாங்கம்மா. நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு," என்றான்.

ஏட்டம்மா அங்கேயே அழுதாள். சீருடையோடு, பத்துக் கட்டில்காரர்களும் பார்க்க, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்த தாய், தன் பிள்ளைக்காக இன்னொருத்தி இப்படி அழுகிறாளே என்று உருகி, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதைத்தான் ஏட்டம்மாவால் தாங்க முடியவில்லை.

மைதானத்தில் இன்னொரு நாற்பது பேர் இருந்தார்கள். இப்போதைய பேட்ச். பயிற்சி முடிந்துவிட்டது, திங்கட்கிழமை தெருவுக்குப் போகிறார்கள். வியாழக்கிழமை விடிந்ததும் ஏட்டம்மா அவர்களை முழு உடுப்பில் நிறுத்தினாள்.

"இத்தனை நாள் நான் சொன்னது தப்பு. இனிமே நம்பர் கேட்டா கண்ணாடியைத் தொடக்கூடாது. வாயால சொல்லு, போதும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏட்டம்மா வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை, அதுவும் தன்னைப் பற்றி, அவர்கள் கேட்டதே இல்லை. காலையிலிருந்து மாலைவரை அதே வேலை. நம்பர்? கை எழும்பும். போ, மூன்று சுற்று. நம்பர்? கை எழும்பிப் பாதியில் நிற்கும். போ. எந்தக் கை தூக்காததற்கு ஓடவிட்டாளோ, அதே கை தூக்கியதற்கு ஓடவிட்டாள். மாலையில் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கேட்டுக்கொண்டே போனாள். ஒரு கண்ணாடியும் மேலே போகவில்லை. நாற்பது நம்பரும் கண்ணாடிக்கு உள்ளிருந்தே வந்தன. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அன்று மாலையே பள்ளித் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். கோப்பு ஐயா என்று பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பேசும்போதும் கண் கோப்பில்தான் இருக்கும்.

"என்ன ஏட்டம்மா, புதுசா ஏதோ நடக்குதாமே மைதானத்துல?"

"பழசை அழிச்சிட்டிருக்கேன் ஐயா. நாளைக்கு விசாரணையில நான் பேசணும்."

"எதைப் பேசப் போறீங்க?"

"அந்தப் பையன் நான் சொல்லிக் குடுத்துத்தான் தூக்கினான்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். "பையனே எழுதிக் குடுத்துட்டான். கதை முடிஞ்சுது. நீங்க ஏன் போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கணும்? இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. உங்க பேரை உங்க கையாலயே கெடுத்துக்காதீங்க."

"பெரிய மனுஷங்க வந்தப்ப நீங்கதானே ஐயா கூட்டிட்டு வந்து காட்டினீங்க?"

"எனக்கு ஞாபகமில்ல," என்றார் பள்ளித் தலைவர், கோப்பைப் பார்த்தபடி.

அட, எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை. ஞாபகமில்லை, பார்க்கவில்லை, தெரியாது. ஒரு காலத்தில் அவளுக்கும் அப்படித்தான் வந்தது. கோபப்படக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொண்டே ஏட்டம்மா வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை அதிகாரி வந்தார். குள்ளமான மனிதர். கடும் ஜலதோஷம். கையில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருந்தார். பள்ளி அலுவலகத்தின் நீள மேசையில் பையனின் வாக்குமூலம் கிடந்தது. அதன்மேல் கையேடு, அந்த ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு.

ஏட்டம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் வெயில், கெட்ட வார்த்தை, மூன்று சுற்று, டோக்கன் நம்பர் கேட்ட நர்ஸ். பழைய புத்தகக் கடைக்காரரைப் பற்றியும் சொன்னாள். அதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னாள். அதிகாரி மூக்கைச் சிந்தினார்.

"நீங்க சொல்றது உங்க மனசுக்கு ஆறுதலா இருக்கும்மா. ஆனா எழுத்துல எதுவும் இல்ல. பாடத்திட்டத்துல இல்ல. தலைவர் தனக்குத் தெரியாதுங்கிறாரு. பையன் வேர்வையைத் தொடைச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். அவன் மேல இருக்கிற பாசத்துல பழியை நீங்க ஏத்துக்கிறீங்கன்னு நான் ஏன் நினைக்கக்கூடாது?"

ஏட்டம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். நாற்பது பேரும் முழு உடுப்பில், கண்ணாடி இறக்கி, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்கும் பயிற்சி தொடரட்டும் என்று அவள்தான் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். அவர்களை வைத்து இதை நிரூபிக்கலாம் என்றால், நேற்று அவள் பட்ட பாடு வீணாகியிருக்க வேண்டும். அது வீணாகியிருக்கக்கூடாது என்று நேற்று முழுக்க வேண்டிக்கொண்டவள், இப்போது எதை வேண்டுவது என்று தெரியாமல் நின்றாள். கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த கால் ஞாபகம் வந்தது.

"ஐயா, அவங்களுக்கு உங்களைத் தெரியாது. நான் வரலை. நீங்க மட்டும் போய், ஒவ்வொருத்தர் முன்னாலயும் நின்னு நம்பர் என்னன்னு கேளுங்க. நேத்து நாள் பூரா கண்ணாடியைத் தொடாதேன்னுதான் நான் சொல்லிக் குடுத்திருக்கேன். அதையும் சேத்துச் சொல்லிடறேன்."

அதிகாரி எழுந்தார். பிறகு கைக்குட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பள்ளித் தலைவர் முதல் தடவையாகக் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்.

வரிசையின் முதல் ஆள் ஒரு பெண். வேகமானவள், எதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறவள். நேற்று மாலை எல்லாருக்கும் முன்னால் திருந்தியவளும் அவள்தான். அதிகாரி அவள் முகத்துக்கு நேரே போய் நின்று, தடித்த குரலில், யாரோ தெருவில் போகிறவர் மாதிரி கேட்டார்.

"உன் நம்பர் என்ன?"

லத்தி தொங்கியது. கண்ணாடி மேலே போனது.

"ஒண்ணு, ஐயா."

அடுத்தவன். மேலே போனது. அதற்கடுத்தவன் கையைப் பாதியில் பிடித்துக்கொண்டான், பிறகு அதுவும் போனது. ஏழாவது ஆள் தூக்கவில்லை. எட்டாவது ஆள் தூக்கினான். தூக்கிய பிறகு என்ன செய்தோம் என்று உணர்ந்து, அலுவலக ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். இறங்கிய கண்ணாடிகளுக்கு நடுவில் அந்த முகம் மட்டும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ஏட்டம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று எத்தனை தடவை அவளே சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டு. நாற்பதில் முப்பத்தொரு கண்ணாடி மேலே போனது.

அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்தார். பையனின் வாக்குமூலத்தை எடுத்து மடித்துத் தனியே வைத்தார்.

"இவங்க திங்கட்கிழமை போறாங்களா?"

"ஆமா ஐயா."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க?"

ஏட்டம்மா மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். பதினோரு வருஷம், வருஷத்துக்கு இரண்டு பேட்ச், பேட்ச்சுக்கு நாற்பது. நாற்பது பேரைப் பற்றித்தான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நினைவுக்கே வரவில்லை.

"எண்ணூத்துக்கு மேல இருக்கும் ஐயா. எல்லாரும் வெளியிலதான் இருக்காங்க."

அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

நம்பர் கேட்டால் யாரும் கண்ணாடியைத் தூக்கக் கூடாது என்று எல்லா ஸ்டேஷனுக்கும் அன்றைக்கே அவசரச் செய்தி போனது. நாற்பது பேரின் பணி மூன்று வாரம் தள்ளிப்போனது. வேறொரு பயிற்றுநர் வந்து, கண்ணாடிக்குத் திருகாணி போட்டு முடுக்கி, அவர்களுக்குப் புதிதாகப் பழக்கினார். இருபத்தேழாம் நம்பரின் தவறு இல்லை, பயிற்சியின் தவறு என்று தீர்ப்பாயிற்று. அவனை உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏட்டம்மாவை மைதானத்திலிருந்து எடுத்து, பண்டக அறையில் போட்டார்கள். பள்ளித் தலைவருக்கு எதுவும் ஆகவில்லை.

அவசரச் செய்தி போன இரண்டாவது வாரமே ஒரு தகராறில், ஒரு முதியவரின் மண்டை உடைந்தது. யார் அடித்தது என்று தெரியவில்லை. எல்லாரும் கண்ணாடியை இறக்கியிருந்தார்கள் என்று மட்டும் அவர் சொன்னாராம். நம்பர் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை என்றாராம். தையல்காரர் இதைக் கேள்விப்பட்டு வந்து மனைவியிடம் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பண்டக அறை நீளமான, ஜன்னல் சின்னதான அறை. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு பேரேடு. பூட்ஸ், பெல்ட், மழைக்கோட்டு, ஹெல்மெட். காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஏட்டம்மா தலை நிமிர்வதில்லை. நிமிர்ந்து முகங்களைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. நம்பர் கேட்பாள், எழுதுவாள், அளவு கேட்பாள், எடுத்துக் கொடுப்பாள். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

அன்றைக்கும் அப்படித்தான். பதினோரு மணி இருக்கும். வலைக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்ற நிழல் பேரேட்டில் விழுந்தது. பக்கத்தைப் புரட்டி, பேனாவை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்பதுபோலத் தலை குனிந்தபடியே கேட்டாள்.

"நம்பர்?"

"இருபத்தேழு, அம்மா."

பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்தாள். வலையின் சட்டத்துக்கு மேலே தலை தெரிந்தது, அவ்வளவு உயரம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதை வலது கைக் கட்டைவிரலால் நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது கண் அவளை நேராகப் பார்த்தது. வலது கண் இருந்த இடத்தில் தையல் போட்ட தோல் இருந்தது. தான் தூக்கியிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏட்டம்மா எழுந்து, வலையின் சின்னக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். எட்டி, தன் கையால் அந்தக் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"என்னம்மா?" என்றான்.

"ஒண்ணுமில்லடா," என்றாள். உள்ளே போய் உட்கார்ந்து, பேரேட்டில் இருபத்தேழு என்று எழுதினாள். எழுத்து கோணியது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். பிறகு பூட்ஸ் அளவு என்ன என்று கேட்டாள்.